டெக்சாஸ் மசோதா 17: டிஇஐ பயிற்சிப் பட்டியலைப் பிரித்த அனுபவம்

2023 மார்ச்சில் செனட்டர் பிராண்டன் கிரைட்டன் டெக்சாஸ் செனட்டில் தாக்கல் செய்த மசோதா 17, ஜூனில் ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்திட்டதும் சட்டமானது. 2024 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களின் டிஇஐ (பன்முகத்தன்மை, சமத்துவம், அனைவரையும் உள்ளடக்குதல்) அலுவலகங்களை மூடும் சட்டம் என்றுதான் பலரும் இதை அறிவார்கள். பயிற்சி நடத்துகிறவர்களைப் படுத்தியெடுத்தது அதன் உட்பிரிவுகள்.

மசோதா நிலையிலேயே ஒரு பிழை நேர்ந்துவிடும். தாக்கலான வடிவத்தை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவதுதான் அது. அந்த வடிவம் சட்டமன்றக் குழுவில் மாறும், அவையில் திருத்தம் சேரும், இரு அவைகளும் கூடிப் பேசி இறுதி வடிவம் வரும். டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 140 நாள்தான் கூடும் என்பதால் இவ்வளவும் மே மாதக் கடைசி வாரங்களில் அவசர அவசரமாக நடக்கும். அதுவரை பயிற்சிகளின் பட்டியல் எடுக்கலாம். எதையும் நிறுத்தக் கூடாது. ஆகஸ்டில் புது மாணவர் அறிமுக வகுப்பு வரும்போது சட்டம் கையெழுத்தாகியிருக்கும், அமலுக்கு வந்திருக்காது. அந்த நான்கு மாத இடைவெளியில்தான் குழப்பம் அதிகம்.

பட்டியல் என்றால் வகுப்புகளின் பெயர் மட்டுமல்ல. வேலைக்குச் சேருகிறவருக்குத் தரும் கோப்பு, ஆளெடுப்புக் குழுவுக்கான பயிற்சி, வெளி நிறுவனத்திடம் ஆண்டுச் சந்தாவில் வாங்கிய இணையப் பாடம், அதில் ஆட்களைத் தானாகச் சேர்த்துவிடும் மென்பொருள் விதி எல்லாம் அதில் வரவேண்டும். வகுப்பை நிறுத்திய பிறகும் தானியங்கி விதி ஓடிக்கொண்டிருந்தால், புது ஊழியருக்கு “கட்டாயப் பயிற்சி” என்று மின்னஞ்சல் போய்க்கொண்டே இருக்கும். பலர் தவறவிடுவது இதைத்தான். வெளியாரிடம் ஒப்பந்தம் கொடுத்தால் தப்பலாம் என்ற எண்ணமும் செல்லாது. டிஇஐ அலுவலகம் செய்யும் வேலைக்கு ஒப்பந்தம் போடுவதையும் சட்டம் தடுக்கிறது.

அடுத்து, சொல்லுக்குச் சொல் பார்க்க வேண்டிய வரி. இனம், நிறம், இனக்குழு, பாலின அடையாளம், பாலியல் நாட்டம் ஆகியவற்றைக் குறித்து வடிவமைத்த பயிற்சியே தடைக்குள் வரும் என்கிறது சட்டம். மாற்றுத்திறன், மதம், முன்னாள் படைவீரர் என்ற சொற்கள் அந்த வரியில் இல்லை. ஆகவே கண்பார்வை இல்லாத மாணவருக்குப் பாடத்தாளை எப்படித் தயாரிப்பது என்ற பயிற்சியை நிறுத்தக் காரணமே இல்லை. பயத்தில் அதையும் மூட்டை கட்டுவது அந்த மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நீதிமன்ற ஆணையையோ மாநில, கூட்டாட்சிச் சட்டத்தையோ நிறைவேற்றுவது மட்டுமே நோக்கமான பயிற்சியை நடத்தலாம். ஆனால் அதை உருவாக்கியவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் தலைமைச் சட்ட ஆலோசகரும் மாநில உயர்கல்வி ஒருங்கிணைப்பு வாரியமும் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். டீன் வாய்மொழியாகச் சரி என்றது கணக்கில் வராது. இது ஏன் முக்கியம் என்றால், டெக்சாஸ் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் அத்தியாயம் வேலைப் பாகுபாடு பற்றிய பயிற்சியைப் புது ஊழியருக்கு 30 நாளுக்குள்ளும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் தரச் சொல்கிறது. அதை நிறுத்தினால் வேறொரு சட்டத்தை மீறியதாகும். பழைய டிஇஐ பாடத்திலிருந்து நாலு பக்கத்தை வெட்டி ஒட்டாமல், சட்டத்தின் வாசகத்திலிருந்தே புதிதாக எழுதவைப்பது நல்லது. ஒட்டுவேலை ஒப்புதலில் மாட்டிக்கொள்ளும்.

பெயர் மாற்றம் உதவாது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் தன் பன்முகத்தன்மைப் பிரிவுக்கு வேறு பெயர் சூட்டியது. 2024 மார்ச்சில், பெயரை மட்டும் மாற்றினால் போதாது என்று கிரைட்டன் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் தொடக்கத்தில் அந்தப் பிரிவு மூடப்பட்டது. சுமார் 60 பேர் வேலை இழந்ததாகச் செய்திகள் வந்தன. பலகையை மாற்றி நேரம் கடத்தாமல், அங்கு இருந்தவர்களின் பணி விவரத்தை அலுவலகம் வாரியாக முன்பே திருத்தி எழுதியிருந்தால் சிலரையாவது காப்பாற்றியிருக்கலாம் என்பது என் கருத்து.

சட்டம் தொடாதவையும் எழுதப்பட்டிருக்கின்றன: வகுப்பறைப் பாடம், ஆய்வு, படைப்பு, மாணவர் அமைப்பின் நிகழ்ச்சி, குறுகிய காலத்துக்கு வரும் விருந்தினர் பேச்சு, புள்ளிவிவரம் திரட்டுதல், மாணவர் சேர்க்கை. பதிவு பெற்ற தமிழ் மாணவர் சங்கம் பொங்கல் கொண்டாடினால் அது மாணவர் நிகழ்ச்சி. ஊழியர் ஒருவர் அலுவல் நேரத்தில் அதைத் திட்டமிட்டு நடத்தினால் கேள்வி வரும். ஆய்வு நிதிக்கோ தரச்சான்றுக்கோ விண்ணப்பிக்கும்போது, குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கும் குறைந்த வருமான மாணவர்களுக்கும் செய்யும் பணியை விவரித்து எழுதச் சட்டமே இடம் தருகிறது.

காகிதத்தை ஒழுங்காக வையுங்கள். முந்தைய நிதியாண்டில் சட்டத்துக்கு உட்பட்டு நடந்ததாக ஆட்சிக்குழு சான்றறிக்கை தரும்வரை, செப்டம்பர் 1இல் தொடங்கும் நிதியாண்டின் அரசுப் பணத்தைச் செலவிட முடியாது. மாநிலத் தணிக்கையாளர் நான்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது வருவார். மீறல் தெரிந்தால் சரிசெய்ய 180 நாள். தவறினால் அடுத்த ஈராண்டில் நிதி உயர்வு கிடையாது. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு கோப்பு: நிறுத்திய தேதி, நீக்கிய இணைப்பு, ஒப்புதல் கடிதங்கள் இரண்டு, ஒப்புதல் பெற்ற பாடத்தின் அச்சுப் பிரதி.

“என் வரலாற்றுப் பாடத்தில் அடிமை முறை பற்றிய வாரத்தை எடுத்துவிடவா?” என்று ஒரு பேராசிரியர் கேட்டால் தொலைபேசியில் சமாதானம் சொல்லாதீர்கள். வகுப்பறைப் பாடத்துக்கு விலக்களிக்கும் உட்பிரிவை மேற்கோள் காட்டி, எடுக்க வேண்டாம் என்று கடிதமாகவே கொடுங்கள்.