சென்னைப் புறநகரில் முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கம் கார் நிறுத்த இடத்தோடு வாடகை வீடு

"கார் பார்க்கிங் உண்டு" என்று புரோக்கர் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை வீட்டுக்கு எத்தனை இடம் என்பது. எட்டு வீட்டுக்கு ஐந்து இடம் இருந்தால், முதலில் வந்தவருக்கே நிழல். மற்றவர் கார் தெருவில்தான்.

டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். ஸ்விஃப்ட்டின் அகலம் 1.73 மீட்டர், அதுவும் கண்ணாடிகளைச் சேர்க்காமல். தூணை ஒட்டிய இடமென்றால் காரை நிறுத்திவிடலாம், கதவைத்தான் திறக்க முடியாது. வீடு பார்க்கக் காரிலேயே போய், உள்ளே விட்டு ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். கேட் முன் சரிவு செங்குத்தாக இருந்தால் அடிப்பாகம் உரசும்.

2015 வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியது ஊரறிந்தது. அடையாற்றுக்கு அருகே, சாலையை விடத் தாழ்வான தரைத்தள பார்க்கிங் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். தூண்களில் பழைய நீர்க்கறை தெரிகிறதா என்று பாருங்கள். வெள்ளை அடித்திருந்தால் பக்கத்துக் கடைக்காரரைக் கேளுங்கள், அவர் மறைக்க மாட்டார்.

ஒப்பந்தத்தில் "பார்க்கிங் வசதி" என்று மட்டும் எழுதினால் போதாது. இட எண், மூடியதா திறந்ததா, வாடகையில் அடக்கமா என எல்லாம் வர வேண்டும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. பத்து மாதம் கேட்பவர் இன்னும் இருக்கிறார், பேரம் பேசலாம்.

மின்சாரக் கார் என்றால், சார்ஜர் இணைப்பு உங்கள் மீட்டரிலிருந்து வருமா என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள்.