அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சிலம்பக் களம்

திருநெல்வேலி ஜங்ஷன்ல செங்கோட்டை பாசஞ்சர் ஏறி இடது பக்க ஜன்னல் சீட்டு கெடச்சிட்டா அதுக்கப்புறம் மொபைல் எதுக்கும் தேவைப்படாது. சேரன்மகாதேவி தாண்டுனதும் பொதிகை மலை கிட்ட கிட்ட வரும், ஜூன் மாசங்கறதால சாரல் வேற, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சின்னு ஸ்டேஷன் பேரா வந்துட்டே இருக்கும், நாதஸ்வரம், தறி, அப்பளம்னு ஊருக்கு ஒண்ணு. நான் போனது இதையெல்லாம் பாக்க இல்ல. எங்க அக்கா மக சிலம்பம் கத்துக்கிறா, சேந்து எவ்வளவோ நாளாகியும் ஆசான் இன்னும் கம்பையே கையில குடுக்கலன்னு போன்ல ஒரே பொலம்பல். அந்த மனுசனப் பாக்கணும்னு தோணிருச்சு.

அக்கா ஊரு ஆத்துக்கும் கன்னடியன் கால்வாய்க்கும் நடுவுல இருக்கு. களம்னா பெருசா ஒண்ணும் நெனைக்காதீங்க, தென்னந்தோப்புக்குள்ள கூட்டிப் பெருக்கி ஆத்து மணல் கொட்டி வச்ச ஒரு இடம், ஓரத்துல ஒரு வெளக்கு, செவுத்துல சாத்தி வச்ச கம்புங்க. வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே பிள்ளைங்க வந்துருதுங்க. மண்ணத் தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டு சலாம் வரிசைங்கற வணக்க அடவ எடுத்துட்டுத்தான் எதுவும் ஆரம்பிக்கும். அப்புறம் காலடி. ஒத்தச் சுவடு, ரெட்டச் சுவடுன்னு முன்னால போறது, பின்னால வர்றது, சுத்தித் திரும்புறது, இதே தான் ரொம்ப நேரம் ஓடுது. ஆசான் கையில குச்சி கூட இல்ல, குனிஞ்சு மணல்ல பதிஞ்ச கால் தடத்த மட்டும் பாத்துட்டு வர்றாரு. ஒரு தடத்துல குதிகால் ஆழமாப் பதிஞ்சிருந்தா அந்தப் பிள்ளய நிறுத்தி, "ஏட்டி, பாரத்த பின்னால வச்சிருக்க பாரு, இப்ப ஒருத்தன் வந்தாம்னா உன்னால நகர முடியுமா"ன்னு கேக்குறாரு. அது வெறும் மணலப் பாத்துச் சொன்னது, பிள்ளய அவரு பாக்கவே இல்ல. எனக்கு அங்கயே ஆளு மேல மரியாதை வந்திருச்சு.

பெரிய பசங்க கம்போட எதிரெதிரா நிக்கிறப்ப இன்னொண்ணு கவனிச்சேன். கம்பு அவங்கவங்க புருவ உயரம். அந்த நீளத்துக்கு எவ்வளவு தூரம் எட்டும், அதுக்கு அரை அடி வெளிய எங்க நிக்கணும், அதுதான் பாடமே. அடிக்கிறத விட அந்த எடத்தத்தான் திரும்பத் திரும்ப சொல்றாரு. "கம்பு வாறதப் பாத்துட்டுத் தடுக்கணும்னா நேரம் பத்தாது, எதுக்க நிக்கவன் தோளப் பாரு, அது அசையும்போதே உனக்குத் தெரிஞ்சிரணும்."

ஏழு மணி வாக்குல எல்லாத்தையும் நிறுத்திட்டாரு, ஏன்னா பைக்ல இருந்து விழுந்த ஒரு அண்ணாச்சிய தோள்பட்டைக்குக் கட்டுப் போட கூட்டிட்டு வந்திருந்தாங்க. இந்தப் பக்கத்து ஆசான்மாருக்கு வைத்தியமும் தெரியும், தெரியாதவங்கள முழு ஆசானா ஊரு ஒத்துக்கிறதில்ல. வர்மம்னா உடம்புல அடி பட்டா ஆபத்தாகுற எடங்க, அதுல 108 சொல்வாங்க, ரொம்ப ஆபத்தான படுவர்மம் 12, மத்தது தொடுவர்மம் 96. அடி பட்டு மயங்கினவன எழுப்புறதுக்கு அடங்கல்னு தனியா எடங்க இருக்கு, சுக்க மென்னு காதுல ஊதுறது வரைக்கும் அதுல வரும். வர்ம அடிய எப்பச் சொல்லிக் குடுப்பீங்கன்னு கேட்டேன். "அடங்கல் மொதல்ல. அதுல கை நிக்கணும். பெறவு ஆளப் பாத்துத்தான், கோவக்காரப் பயலுக்கு கடைசி வரைக்கும் கெடையாது"ன்னாரு. ஒருத்தன சாய்க்கத் தெரியணும்னா அவன எழுப்பத் தெரிஞ்சிருக்கணும், இந்த வரிசைய யாரு எப்ப வச்சாங்களோ, எனக்கு இந்தக் கலையோட மொத்தத் தத்துவமும் இதுக்குள்ள அடங்கிருச்சுன்னு தான் தோணுது.

ஆனா அத நான் நேர்ல பாத்தது களத்துல இல்ல, வயல்ல. கார் நடவு நேரம், தண்ணிக்கு அடிபிடி. அன்னைக்கு ஆசான் மம்பட்டியோட மடையத் தெறந்துக்கிட்டு நிக்கிறாரு, பக்கத்து வயல்காரரு கத்திட்டே வர்றாரு, முறை எங்களுதுல்லா, யாரக் கேட்டு தெறந்தீருன்னு. ஆசான் செஞ்சது ரெண்டே காரியம். மொதல்ல மம்பட்டிய கூட நின்ன பையன்கிட்ட குடுத்தாரு. அப்புறம் வரப்புல ஒரு எட்டு பின்னால வந்து கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பி நின்னுக்கிட்டாரு. காலைல சொல்லிக் குடுத்த அதே தூரம். வந்தவரு கைய நீட்டி நீட்டி பேசுறாரு, இவரு ஒரு வார்த்தை சொல்லல, அவரா ஓயுற வரைக்கும் நின்னுட்டு, "சரி அண்ணாச்சி, நாளைக்கு உங்க முறைய நானே வந்து தெறந்து விடுதேன்"னாரு, அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. ஏன் மம்பட்டியக் குடுத்தீங்கன்னு திரும்பி வர்ற வழியில கேட்டேன். "அது என் கையில இருந்தா அவரு நான் சொல்லுதத கேக்க மாட்டாரும்மா, மம்பட்டியத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு." அந்த மனுசன ஒரே தட்டுல வாய்க்கால்ல உருட்டி விட்டிருக்க முடியும்ங்கறது ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும், அதனாலதான் ஆசானுக்கு அதச் செய்ய வேண்டிய அவசியமே வரல.

திரும்புறப்ப கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் தூண்ல இருக்குற வீரன் சிலைங்கள ரொம்ப நேரம் நின்னு பாத்தேன், இந்தத் தடவ கண்ணு நேரா கால் வச்சிருக்குற விதத்துக்குத்தான் போச்சு. அப்படியே கயத்தாறும் போயிட்டு வந்தேன். 1799 அக்டோபர் 16ல கட்டபொம்மன தூக்குல போட்ட ஊரு. 1801ல அவரோட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடி விழுந்து தரைமட்டமாச்சு, அந்த வருசக் கடைசியிலயே ஆயுதங்கள ஒப்படைக்கணும்னு கும்பெனி உத்தரவு. வாள், வேல் போயிருக்கும், சரி. மாடு மேய்க்கிறவன் கையில இருக்குற கம்ப யாரு பிடுங்க முடியும்? கோயில் கொடைத் திருவிழாவுல நையாண்டி மேளத்துக்கு முன்னாடி ஆடுற ஆட்டமா இருந்து இருந்தே இந்தக் கலை பொழச்சிருக்குன்னு நான் நம்புறேன்.

இப்ப நிலைமை வேற. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுல சிலம்பம் இருக்கு, 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுல காட்சிப் போட்டியா வச்சாங்க. பொம்பளப் பிள்ளைங்க இவ்வளவு பேரு களத்துக்கு வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம், அதுல எனக்கு ரொம்ப சந்தோசம். சில டூர்னமெண்ட் வீடியோ பாத்தா மட்டும் மனசு கேக்கல, எடையே இல்லாத கம்ப கண்ணு மண்ணு தெரியாம சுத்துறாங்க, எதிர்ல ஆளுன்னு ஒருத்தன் இருக்கணும்ங்கற நெனப்பே அதுல இல்ல. ஆசானுக்கு அதுல பெரிய கோவம் ஒண்ணும் இல்ல, சர்டிபிகேட் பிள்ளைங்களுக்கு உதவும், வாங்கட்டும், ஆனா காலடி முடிச்சிட்டுப் போகட்டும்னு சொல்றாரு. அக்கா அவ மகளப் பத்தி சொல்ற ரிப்போர்ட் என்னன்னா, முன்னெல்லாம் தம்பி ரிமோட்டப் பிடுங்குனா உடனே கை ஓங்குறவ இப்ப ஒரு எட்டு தள்ளி நின்னு வாயால சண்ட போடுறாளாம். வீடு ரெண்டாகுறது குறையல, அடி மட்டும் இல்ல.

அந்தப் பக்கம் போனா, காலைல ஆறு மணிக்குள்ள களத்துல இருங்க, வெயில் ஏறுனா வயலுக்குப் போயிருவாங்க. செருப்ப வெளிய விட்ருங்க. வைத்தியம் பாக்குறப்ப வீடியோ எடுக்க விட மாட்டாங்க, கேக்கவும் கேக்காதீங்க.