66-க்கு 62.8

ஏப்ரல் 6, 2024, சனி

காரின் கூரை வரை 66 அங்குலம். டிராக், அதாவது இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம், 62.8. டேப்பை எப்படிப் பிடித்தாலும் உயரம்தான் ஜெயிக்கிறது.

ஏப்ரல் 8, திங்கள்

சூரிய கிரகணம். மிச்சிகனில் எங்கள் நோவையில் 99 சதவீதம். முழுசாகப் பார்க்க வேண்டுமென்று எதிர்வீட்டுக்காரர்கள் காலையிலேயே டொலீடோவுக்குக் கிளம்பிவிட்டார்கள். அத்தை நேற்று ராத்திரியே எல்லா ஜன்னலுக்கும் திரை போட்டாயிற்று. பிள்ளைத்தாச்சியான என் மனைவி கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, காய் நறுக்கக் கூடாது, ஊசி நூல் தொடக் கூடாது. "லேப்டாப் தொடலாமாம்மா?" என்று கேட்டாள். சிவகங்கையில் அதற்கு விதி இல்லை போல, அனுமதி கிடைத்தது.

நான் கராஜில் இருந்தேன். முன் இடது சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டினேன். பேரிங்கில் ஆட்டம் இல்லை. 3, 9-ல் பிடித்தேன். டை ராடிலும் இல்லை. அப்படியானால் மேடு ஏறும்போது வருகிற அந்த 'டக்' எங்கிருந்து வருகிறது? மூன்றேகால் மணி சுமாருக்கு வெளிச்சம் சாம்பலாக மங்கிச் சில்லென்று ஆனது. விளக்கைப் போட்டுக்கொண்டு மறுபடி ஆட்டினேன்.

குழந்தையின் தலை இன்னும் மேலேதான் இருக்கிறது. 32 வாரம்தானே, நேரம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை அத்தைக்கு இன்னொரு தடவை சொன்னேன்.

ஏப்ரல் 11, வியாழன்

கோன்களுக்கு நடுவே நேரம் கணக்கிட்டு ஓட்டும் ஆட்டோகிராஸ் கிளப்புக்கு மெயில் போட்டுவிட்டேன். மாஸ்டா சிஎக்ஸ்-5, கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது, ஆல்-சீசன் டயர், உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் எதுவும் செய்யவில்லை, மே 19-க்கு வரலாமா என்று. இனி காத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 13, சனி, இரவு

தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டேன்.

டிராக் அகலத்தை ஈர்ப்பு மைய உயரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் ஒரு எண் வரும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2001 மாடல்களிலிருந்து வண்டி கவிழும் வாய்ப்புக்கு நட்சத்திரம் போடத் தொடங்கியது இந்த எண்ணை வைத்துத்தான். செடான்கள் 1.4 பக்கம் இருக்கும், எஸ்யூவிகள் 1.2 பக்கம். நம் வண்டியின் ஈர்ப்பு மையம் கூரை உயரத்தில் நாற்பது சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 26.4 அங்குலம். 62.8-ஐ 52.8-ஆல் வகுத்தால் 1.19.

அதாவது பக்கவாட்டு விசை 1.19 ஜி-யை, ஈர்ப்பு விசையின் 1.19 மடங்கை, தாண்டினால்தான் வண்டி சாயும். காகிதத்தில். சாதாரண ரோட்டு டயருக்கு 0.8, மிஞ்சிப் போனால் 0.85 ஜி பிடிப்பு. அதற்கு மேல் டயர் வழுக்கிவிடும், வண்டி நாலு காலில்தான் நிற்கும். ஆனால் கோன்களுக்கு இடையே வளைந்து வளைந்து போகும் ஸ்லாலத்தில் இடம் வலம் என்று சட்டென்று திருப்பும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, ஸ்பிரிங் அமுங்கி, அடுத்த நொடி மறுபக்கம் எகிறும். அப்போது அந்த 1.19 அப்படியே இருக்காது. தார்ச் சாலையில் ஒரு பள்ளம், ஒரு கர்ப் விளிம்பு போதும், டயர் தடுக்கி நிற்க.

இதில் வேடிக்கை என்னவென்றால், நல்ல பிடிப்புள்ள டயர் போட்டால் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உயரமான வண்டிக்கு அது நேர் எதிர். 200 டிரெட்வேர் என்கிற, ரோட்டோடு ஒட்டிப் பிடிக்கும் டயர் போட்டு 1 ஜி-க்குப் பிடிப்பை ஏற்றினால், 1.19-க்கும் நமக்கும் இடையில் இருக்கிற இடைவெளியை நாமே காசு கொடுத்துக் குறைக்கிறோம். வழுக்குவதுதான் இந்த வண்டிக்குக் காவல் தெய்வம்.

மணி 2:10. இவள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது. உள்ளே இருப்பது புரள மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

குரோதி வருடம். ஊரிலிருந்து வந்த வேப்பம்பூ, இங்கத்திய மாங்காய், பச்சடி. வெங்கடேஸ்வரா கோயிலில் கார் நிறுத்த இடமில்லாமல் மூன்று சுற்று. வேகத்தடையில் 'டக்'. அத்தை பின்சீட்டிலிருந்து, "மாப்பிள்ளை, இந்தச் சத்தத்தோடயா ரேசுக்குப் போகப் போறீக?" என்றார். யார் சொன்னது அவருக்கு?

ஏப்ரல் 16, செவ்வாய்

பதில் இல்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

ஊரில் ஓட்டு. அறுபது வயதுக்கு மேல் முதல் தடவையாக ஒரு தேர்தலைத் தவறவிட்டதாக அத்தை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். விரலைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

'டக்' சத்தத்துக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று சஸ்பென்ஷனில் ஸ்டெபிலைசர் லிங்க் மாற்றினேன். மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பெல்லாம் அந்த ஒரு நட்டில்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஆலன் சாவியால் நடுத்தண்டைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருக வேண்டும். துரு விடவில்லை, சாவி வழுக்கி அறுகோணம் வட்டமாகிவிட்டது. கடைசியில் ரம்பம். புதிய லிங்க் ஏறியதும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன்.

சத்தம் இருக்கிறது.

ஏப்ரல் 24, புதன்

கிளப் ஓட்டுநர்கள் எல்லாம் ஒரே பாட்டுத்தான்: முதல் வருஷம் எதையும் வாங்காதே. ஆபீஸில் மியாட்டா என்கிற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற கிழவரும் அதையே சொன்னார். ஸ்ட்ரீட் பிரிவில் மாற்ற அனுமதி இருப்பதே கொஞ்சம்: ஷாக், முன்னாலோ பின்னாலோ ஒரு ஆன்ட்டி-ரோல் பார், பிரேக் பேட், வீலில் ஒரு அங்குலம் கூட்டலாம் குறைக்கலாம். ஸ்பிரிங்கைத் தொட்டால் வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். உயரம் குறைக்க வேண்டிய வண்டிக்கு உயரம் குறைப்பது மட்டும் கூடாது! பின்னால் கனமான பார் ஒன்றைப் போட்டால் சாய்வு குறையும், வளைவில் மூக்கு வெளியே ஓடுவதும் குறையும். ஆன்லைன் கூடையில் போட்டு வைத்தேன். வாங்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவில் இன்ஷூரன்ஸ் போக நாம் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று இன்னும் தெளிவாகவில்லை.

ஏப்ரல் 27, சனி

இவள் இன்ஷூரன்ஸ் பாலிசியை உட்கார்ந்து படித்திருக்கிறாள். நேரம் கணக்கிடும் எந்தப் போட்டிக்கும் இழப்பீடு கிடையாது என்ற வரியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். மைதானத்தில் கோன் மட்டும்தான், சுவர் இல்லை, ஒவ்வொரு வண்டியாகத்தான் விடுவார்கள், இரண்டாவது கியர் தாண்டாது என்றேன்.

"ஒன்னு திரும்ப மாட்டேங்குதுனு நான் கவலைப்படுறேன். ஒன்னு திரும்பிடக் கூடாதுனு நீங்க கவலைப்படுறீங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் சிரிக்கவில்லை.

மே 2, வியாழன்

பதில் வந்தது! வரலாம். லிஃப்ட் இல்லை, ஆல்-சீசன் டயர் என்பதால் சரி. வண்டி வழுக்கினால் தானே பிரேக் பிடித்து நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்கவே கூடாது, முதல் ஓட்டத்தைப் பாதுகாப்பு அதிகாரி நின்று பார்ப்பார், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

2012 மாடலிலிருந்து எல்லா வண்டியிலும் கட்டாயமாக இருக்கிற சமாசாரம். அதை அணைப்பதுதான் வீரம் என்று வீடியோ போடுகிறவர்கள் எல்லாம் தரையோடு ஒட்டிய கார் வைத்திருப்பவர்கள்.

மே 4, சனி

ஹெல்மெட் வந்தது. ஸ்னெல் எஸ்ஏ2020 தரச்சான்று. இவள் போட்டுப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். அத்தை திட்டினார். போட்டோ எடுத்தேன்.

மே 7, செவ்வாய்

காரைக் காலி செய்தேன். போட்டிக்கு முன் நடக்கும் வண்டிச் சோதனையில் ஆடுகிற, உருள்கிற பொருள் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, டிரைவர் பக்கத்துக் கால்மிதியைக் கூட எடுத்துவிடச் சொல்வார்கள். ஜாக்கி, குடை, பனி சுரண்டி, கோயில் விபூதிப் பொட்டலங்கள், மூன்று காபிக் கோப்பைகள், யாருடையது என்றே தெரியாத ஒரு ஒற்றைச் செருப்பு.

டிக்கியில் ஆஸ்பத்திரிப் பை. பின்சீட்டில் குழந்தை சீட்டின் அடித்தளம். அதைப் போன மாதம் பயிற்சி பெற்றவரிடம் கொண்டுபோய்ச் சரிபார்த்து வைத்தோம். பெல்ட் ஓடும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது என்பது கணக்கு. அசையவில்லை. இப்போது கழற்ற வேண்டும்.

இன்று கழற்றவில்லை.

மே 10, வெள்ளி

37 வாரம். காலையில் ஆஸ்பத்திரி. கருப்பைத் தசை தளர ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, இரண்டு பேர் வெளியிலிருந்து கையால் அழுத்தித் திருப்பினார்கள். பாதிப் பேருக்குத்தான் பலிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இவள் என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் பதிந்துவிட்டது. கால்வாசி திரும்பியது. பிறகு பழைய இடத்துக்கே போய்விட்டது. இதயத் துடிப்பு இறங்கவும் நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் துடிப்பு சரியானது. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

மே 24 காலை, சிசேரியன்.

ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் கதவைத் தட்டினான். வானம் ரோஸாகவும் பச்சையாகவும் அசைந்துகொண்டிருந்தது. மிச்சிகன் தெற்கில் துருவ ஒளி! தெருவே வெளியில் நின்றது. அத்தை இவள் தலையில் துண்டைப் போட்டு மூடி, "இதப் புள்ளத்தாச்சி பாக்கலாமா, மாப்பிள்ளை?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பார்த்தாள்.

மே 13, திங்கள்

19-ஆம் தேதி போக வேண்டாம் என்று முடிவு.

மே 14, செவ்வாய்

போகச் சொல்கிறாள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நீங்கள் மூச்சு விடுகிற சத்தம் எனக்குத் தாங்கவில்லை என்கிறாள். மைதானத்திலிருந்து ஆஸ்பத்திரி எத்தனை நிமிஷம் என்று பார்த்து வைத்திருக்கிறாள். மியாட்டாக் கிழவர் தன் மனைவியின் காரை ஞாயிறு முழுக்க எங்கள் வாசலில் நிறுத்தி வைப்பதாகச் சொல்லிவிட்டார், சாவியோடு. அத்தைக்கு ஓட்டத் தெரியாது. எதிர்வீட்டு அம்மா ஓட்டுவார்.

மே 18, சனி

சக்கர நட்டுகள்: மாஸ்டா சொல்வது 108 முதல் 147 நியூட்டன் மீட்டர். 125-ல் வைத்தேன். பேட்டரி கிளாம்ப் இறுக்கம். ஆயில் சரி. பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறது. டயர் பிரஷர் 36-லிருந்து 42. டயர் ஓரத்தில் அதிகபட்சம் 51 என்று இருக்கிறது, அதனால் பயமில்லை. உயரமான பக்கச்சுவர் மடிந்து டயர் தோளிலேயே ஓடாமல் இருக்க இது ஒன்றுதான் நம் கையில். தோளில் இருக்கும் சின்ன முக்கோணத்தின் மேல் சாக்பீஸால் கோடு போட்டேன். எவ்வளவு அழிகிறதோ அவ்வளவு மடிகிறது.

கதவில் நீலப் பெயின்டர் டேப்பால் எண் ஒட்டினேன். அத்தை நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அதன் மேல் ஏற்றித்தான் கராஜுக்குள் விட்டேன்.

சீட் அடித்தளத்தைக் கழற்றியாயிற்று.

மே 19, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். சோதனை செய்தவர் சக்கரத்தை ஆட்டினார், பெல்ட்டை இழுத்தார், பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு நாலடி பின்னால் போய் நின்று வண்டியின் உயரத்தைப் பார்த்தார். என் மெயிலைப் படித்தவர் அவர்தானாம். சிரித்தார்.

கோன் வைத்த பாதையை நடந்து பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போல இருந்தது. காரில் உட்கார்ந்ததும் கோன் கடல். படுத்திருக்கும் கோன் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம், அவ்வளவுதான் நினைவில் நின்றது. போன் காருக்குள் இருக்கக் கூடாது என்பதால் ஸ்டார்ட் லைனில் நின்ற பெண்ணிடம் கொடுத்தேன். 'வீடு' என்று அழைப்பு வந்தால் சிவப்புக் கொடி காட்டச் சொல்லுங்கள் என்றேன். அவர் கிண்டலடிக்கவில்லை. ரேடியோவில் எல்லாக் கோன் ஆட்களுக்கும் அதைச் சொல்லிவிட்டார்.

முதல் ஓட்டம் 63.2 விநாடி. முன் டயர்கள் மூன்றாவது கோனிலேயே கத்த ஆரம்பித்துவிட்டன. ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு நேரே போகிறது. அங்கே பயப்பட நேரமில்லை. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடுவது பெடலில் தெரிந்தது. உடம்பு சாய்கிறது, ஆனால் சாய்ந்த இடத்தில் நிற்கிறது. திரும்பி வந்தபோது பாதுகாப்பு அதிகாரி கட்டைவிரலைக் காட்டினார். ஜன்னலுக்குள் குனிந்து ஒன்றே ஒன்று சொன்னார்: கையை மெதுவாகத் திருப்பு, ஆனால் சீக்கிரமே ஆரம்பி. கோன் வந்த பிறகு திருப்பினால் இந்த வண்டிக்குத் தாமதம்.

அடுத்தது 59.8, ஒரு கோன் விழுந்ததில் இரண்டு விநாடி கூடியது. கடைசி ஓட்டம் 57.4, சுத்தம். கிழவரின் மியாட்டா 47 சொச்சம். பத்து விநாடி வித்தியாசம் என்பது இந்த விளையாட்டில் வேறு ஊர். எனக்கு அது உறைக்கவே இல்லை. சாக்பீஸ் கோடு முக்கோணம் வரைக்கும்தான் அழிந்திருந்தது, அதற்குக் கீழே போகவில்லை. அதைப் போய் இரண்டு தடவை பார்த்தேன்.

மதியம் கோன் பொறுக்கும் வேலை. தார் கொதிக்க, சாக்பீஸ் கட்டத்துக்குள் கோனை நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும். கட்டத்தை விட்டு நகர்ந்திருந்தால் அபராதம், தொட்டுக்கொண்டு நின்றால் இல்லை. போனில் அழைப்பு எதுவும் வரவில்லை. நடுவில் மறந்தே போய்விட்டேன், அரை மணி நேரம் இருக்கும்.

மே 20, திங்கள்

தலை மேலேதான். சத்தம் இருக்கிறது.

மே 22, புதன்

பிரஷர் 36. நீல டேப் உரித்தாயிற்று, பெயின்டில் தடமில்லை. அடித்தளத்தைத் திரும்ப மாட்டினேன். ஒரு அங்குலத்துக்கும் குறைவாகத்தான் அசைகிறது. திருப்தியில்லை. முட்டியைக் கொடுத்து அழுத்தி மறுபடி இறுக்கினேன். பின்பக்க பார் இன்னும் கூடையில் இருக்கிறது, விலை 20 டாலர் இறங்கியிருக்கிறது.

மே 23, வியாழன்

நாளை காலை 5:30-க்கு அங்கே இருக்க வேண்டும். ஐ-96 நெடுஞ்சாலையில் வேலை நடக்கிறது, ராத்திரியில் எந்த லேனை மூடுவார்கள் என்று சொல்ல முடியாது. கிராண்ட் ரிவர் சாலை வழியே போனால் சிக்னல்கள், ஆனால் அந்த நேரத்தில் எல்லாம் பச்சையாகத்தான் விழும். அத்தை முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்கிறார். இவள் பின்னால் என்றால் சீட்டுக்குப் பக்கத்தில் இடம் போதுமா என்று இப்போது போய்ப் பார்க்க வேண்டும்.