ஏர் சுவிதா நாட்குறிப்பு: சிங்கப்பூர் – சென்னை

2021 நவம்பர் 30, செவ்வாய்

நள்ளிரவு தாண்டியதும் இந்தியாவின் புது விதி நடப்புக்கு வருகிறது. கொரோனாவின் ஒமைக்ரான் வகைக்காகப் போட்ட அபாய நாடுகள் பட்டியலில் ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா, பிரேசில், ஹாங்காங் ஆகியவற்றோடு சிங்கப்பூரும் இருக்கிறது. இங்கிருந்து போய்ச் சென்னையில் இறங்குகிறவர் விமான நிலையத்திலேயே கோவிட் சோதனைக்கு மாதிரி கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நெகட்டிவ் என்றால் ஏழு நாள் வீட்டுத் தனிமை, எட்டாம் நாள் மறுபடி சோதனை. மதுரைக்கோ திருச்சிக்கோ இரண்டு மணி நேர இடைவெளியில் அடுத்த விமானம் போட்டிருப்பவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள். முடிவு கைக்கு வராமல் அதில் ஏற முடியாது.

ஏர் சுவிதா என்பது வெளிநாட்டிலிருந்து இந்தியா வருவோர் புறப்படுமுன் இணையத்தில் நிரப்பும் சுகாதாரப் படிவம். அதில் கடந்த 14 நாளில் எந்தெந்த நாட்டில் இருந்தீர்கள் என்ற கேள்விக்கு இப்போது முக்கியத்துவம் கூடிவிட்டது. படிவம் இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது ஏர் சுவிதா இல்லை.

2021 டிசம்பர் 3, வெள்ளி

72 மணி நேரக் கணக்கில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். விதி சொல்வது பயணம் புறப்படுவதற்கு முந்தைய 72 மணிக்குள், ஏர் சுவிதாவில் ஏற்றப்போகும் பிசிஆர் (கோவிட் கிருமியைக் கண்டறியும்) சோதனை நடந்திருக்க வேண்டும் என்று. அதாவது மூக்கில் குச்சி விட்ட நேரம்தான் கணக்கு. அறிக்கை மின்னஞ்சலில் வந்த நேரம் இல்லை.

வரும் வெள்ளி இரவு 9 மணிக்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விமானம் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் இரவு 9-க்கு முன் கொடுத்த மாதிரி செல்லாது. செவ்வாய் இரவு 10-க்குக் கொடுத்தால் 71 மணி. கணக்குக்குச் சரிதான், ஆனால் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் 73 ஆகிவிடும். புதன் காலை 9-க்குக் கொடுத்தால் 60 மணி. தாமதத்தையும் தாங்கும், அறிக்கை வரவும் நேரம் இருக்கும். இதைவிடத் தள்ளிப்போட்டால் அறிக்கை வராத பயம்.

சிலர் புறப்படும் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி எண்ணுகிறார்கள். தேவையே இல்லை. சோதனையும் இங்கே, புறப்பாடும் இங்கே. இரண்டும் சிங்கப்பூர்க் கடிகாரம். இரண்டரை மணி நேர வித்தியாசம் வேறோர் இடத்தில்தான் காலை வாரும்: வருகைத் தேதி. இரவு 11.30-க்குக் கிளம்பும் விமானம் நான்கு மணி நேரம் பறந்து, சென்னையில் நள்ளிரவு தாண்டி 1 மணிவாக்கில் இறங்கும். படிவத்தில் மறுநாள் தேதியைப் போட வேண்டும், டிக்கெட்டில் கண்ணில் படும் புறப்பாட்டுத் தேதியை அல்ல.

2021 டிசம்பர் 7, செவ்வாய்

பெயர். இதற்கே தனி நாள் ஒதுக்கலாம்.

நம் ஆட்களுக்கு ஒரே பெயர் நாலு காகிதத்தில் நாலு விதம். ஆதாரில் 'கார்த்திக் எம்'. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் 'முத்துசாமி', பெயர்க் கட்டத்தில் 'கார்த்திக்'. டிக்கெட்டில் இரண்டும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கும். சிங்கப்பூர் வேலை அட்டையில் அப்பா பெயர் முன்னால் வந்திருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருப்பவர்களுக்கு டிக்கெட்டில் அதே பெயரை இரண்டு முறை அடித்திருப்பார்கள். சுகாதாரப் படிவத்துக்கு மூலம் பாஸ்போர்ட் ஒன்றுதான். அதைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து பார்த்து அடியுங்கள். மனப்பாடத்தை நம்ப வேண்டாம்.

பாஸ்போர்ட் எண்ணில் ஒரு சின்ன வித்தை. இந்தியப் பாஸ்போர்ட் எண் என்பது முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பின்னால் ஏழு இலக்கம். ஆகவே இரண்டாம் இடம் முதல் வட்டமாக எது தெரிந்தாலும் அது பூஜ்யம்தான், 'ஓ' அல்ல. பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் வரியைப் பார்த்து எண்ணை எடுக்காதீர்கள். அங்கே எண்ணுக்குப் பின் ஓர் அம்புக்குறி, அதன்பின் ஒரு சரிபார்ப்பு இலக்கம் நிற்கும். அதையும் சேர்த்து அடித்து ஒன்பது எழுத்தாக்கிவிடுவார்கள்.

கிளினிக்கில் பதிவு செய்யும்போது வேலை அட்டையை மட்டும் நீட்டினால் அறிக்கையில் அந்த அட்டை எண் மட்டுமே அச்சாகும். சென்னையில் அந்த எண்ணை வைத்து ஆளை அடையாளம் காண வழியில்லை. பாஸ்போர்ட்டைக் கொடுத்து, அந்த எண் அறிக்கையில் வர வேண்டும் என்று குச்சி விடுவதற்கு முன்பே சொல்லுங்கள். பிறகு திருத்தி வாங்க அரை நாள் போகும், 72 மணியிலிருந்துதான் போகும்.

2021 டிசம்பர் 14, செவ்வாய்

ஏர் சுவிதாவில் கோப்பு ஏற்றுவது. பிடிஎஃப் மட்டும், அதுவும் 1 எம்பிக்குள். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே 3, 4 எம்பி வரும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், முகவரி உள்ள கடைசிப் பக்கம் இரண்டையும் ஒரே பிடிஎஃப்பாக்கி, 150 டிபிஐ, கறுப்பு வெள்ளைச் சாயலில் ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பாஸ்போர்ட்டுக்கு அது போதும். சோதனை அறிக்கையை அப்படி அமுக்கினால் க்யூஆர் கட்டம் கலங்கிப்போகும். அமுக்கிய கோப்பைத் திரையில் திறந்து, இன்னொரு கைப்பேசியால் ஸ்கேன் செய்து பாருங்கள். படித்தால் ஏற்றுங்கள். கிளினிக் மின்னஞ்சலில் அனுப்பிய அசல் பிடிஎஃப் இருக்கும்போது அதை அச்சடித்துத் திரும்பப் படம் பிடிப்பானேன்?

2021 டிசம்பர் 20, திங்கள்

இன்று முதல், அபாய நாடுகளிலிருந்து டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் வந்து இறங்குவோர் அங்கே எடுக்கும் பிசிஆர் சோதனைக்கு முன்பதிவு செய்தே ஆகவேண்டும். ஏர் சுவிதாவிலிருந்தே அந்தப் பக்கத்துக்குப் போகலாம். ரசீதையும் அச்சடித்து வையுங்கள். ஏறுமுன் விமான நிறுவனம் சரிபார்க்கும்.

2022 ஜனவரி 11, செவ்வாய்

பட்டியலில் உள்ள நாடோ இல்லாத நாடோ, இனி இந்தியா வரும் எல்லோருக்கும் ஏழு நாள் வீட்டுத் தனிமை, எட்டாம் நாள் சோதனை. அந்த முடிவையும் ஏர் சுவிதாவில் ஏற்ற வேண்டும். முகவரிக் கட்டத்தில் தனிமையில் இருக்கப்போகும் வீட்டைப் போடுங்கள், பாஸ்போர்ட்டில் உள்ள பழைய வீட்டை அல்ல. இந்தியாவில் அடித்தால் எடுக்கிற எண் ஒன்றும் வேண்டும்.

2022 பிப்ரவரி 14, திங்கள்

பெரிய தளர்வு. அபாய நாடு என்ற பிரிவே போயிற்று. ஏழு நாள் தனிமைக்குப் பதிலாக 14 நாள் தன்னைத் தானே கவனித்துக்கொண்டால் போதும். இறங்குவோரில் 2 சதவீதம் பேருக்கு மட்டும் சோதனை. பட்டியலிட்ட 82 நாடுகளிலிருந்து வருவோர் பிசிஆருக்குப் பதில் தடுப்பூசிச் சான்றிதழை ஏற்றலாம். முதன்மைத் தவணைகள் முடிந்திருந்தால் போதும், பூஸ்டர் கேட்கவில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சோதனை கிடையாது. சோதனை இல்லை என்றால் படிவமும் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மடிக்குழந்தைக்கும் ஒரு படிவம் போட்டுவிடுங்கள்.

இந்திய அரசின் தடுப்பூசித் தளமான கோவின் தந்த சான்றிதழ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சாதாரணச் சான்றிதழில் வயது மட்டும் இருக்கும். வெளிநாட்டுப் பயணத்துக்கான வடிவத்தில்தான் முழுப் பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் வரும். ஒரு தவணை ஒரு கைப்பேசி எண்ணிலும் அடுத்தது வேறு எண்ணிலும் போட்டிருந்தால் 'முதல் தவணை' என்றே இரண்டு சான்றிதழ் நிற்கும். குறை சொல்லும் பகுதியில் இரண்டையும் இணைக்க வழி உண்டு. பெயர்த் திருத்தம் ஒரே ஒரு முறைதான் விடும். முதலில் பாஸ்போர்ட்டைத் திறவுங்கள், பிறகு கையை வையுங்கள்.

2022 நவம்பர் 22, செவ்வாய்

ஏர் சுவிதா படிவம் இன்று முதல் வேண்டாம். நேற்றுதான் அறிவித்தார்கள். நேற்று மாலைவரை படிவம் நிரப்பிக் கொடுத்தோம்.

2023 ஜனவரி 1, ஞாயிறு

ஆறே வாரம். சீனா, ஹாங்காங், ஜப்பான், தென் கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஆறு இடங்களிலிருந்து வருவோருக்கு மட்டும் படிவம் திரும்ப வந்துவிட்டது, 72 மணிக்குள் எடுத்த பிசிஆரும் கூடவே. இந்த முறை தடுப்பூசிச் சான்றிதழ் பிசிஆருக்கு ஈடாகாது. இரண்டு ஊசியும் போட்டாயிற்றே என்று கேட்டுப் பயனில்லை. டிசம்பர் 3 குறிப்பில் உள்ள மணிக் கணக்கு அப்படியே பொருந்தும்.

2023 பிப்ரவரி 13, திங்கள்

காலை 11 மணியிலிருந்து அந்த ஆறு இடங்களுக்கும் ஏர் சுவிதா இல்லை. சிங்கப்பூரும் இன்றைக்கே தன் பக்கத்துக் கோவிட் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டது. ஊசி போடாதவர்களுக்கும் இனி புறப்படுமுன் சோதனை கிடையாது.

சிங்கப்பூர் வருவோர் இணையத்தில் நிரப்பும் எஸ்ஜி அரைவல் கார்டு மட்டும் போகவில்லை. ஊரிலிருந்து அம்மா அப்பாவைக் கூட்டி வருகிறவர்கள், சிங்கப்பூர் வந்து சேருவதற்கு மூன்று நாளுக்குள் அதை நிரப்ப வேண்டும். அதுவும் இலவசம், அதிலும் சுகாதாரக் கேள்விகள் உண்டு, அங்கேயும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே.