98 சதவீதத்திலிருந்து வைவா வரை

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடியே எங்கள் நால்வர் குழுவுக்கு ஒரு மாதம் ஓடிவிட்டது. குழுவில் ஒருவன் வீட்டில் தக்காளித் தோட்டம் உண்டு. இலையில் புள்ளி விழுந்தால் அவன் அப்பா யாராவது சொன்ன மருந்தை அடித்துவிடுவார். பாதி நேரம் அது வேறு நோயாக இருக்குமாம். இலையைப் போனில் படம் எடுத்தால் நோயின் பெயரைச் சொல்லும் செயலி என்று தலைப்பு அப்படித்தான் முடிவானது.

படங்களுக்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. பயிர் இலைகளின் படங்களை நோய்ப் பெயரோடு சேர்த்து வைத்திருக்கும் ப்ளாண்ட்வில்லேஜ் தொகுப்பில் 54,306 படங்கள், 14 பயிர்கள், பயிர், நோய் வாரியாக 38 வகைகள். தக்காளிக்கு மட்டுமே 10 வகைகள் இருந்தன. படங்களை அடையாளம் காண முன்பே பயிற்சி பெற்ற, போனிலும் ஓடக்கூடிய மொபைல்நெட் என்ற மாடலை எடுத்து, கடைசி அடுக்குகளை மட்டும் எங்கள் வேலைக்கு ஏற்பப் பயிற்றுவித்தோம். இரண்டே நாளில், சோதனைப் படங்களில் 98 சதவீதத்துக்குச் சரியான பதில் வந்தது. ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது என்றே நினைத்தோம்.

முதல் ரிவ்யூவில் எங்கள் கைடு மேடம் வரைபடங்களை அமைதியாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்க போன்ல எடுத்த படம் ஏதாவது கொடுத்துப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அந்த வாரக் கடைசியில் தோட்டத்துக்குப் போய் 60 இலைகளைப் படம் எடுத்தோம். பயிர் நோயியல் படித்த ஆசிரியர் ஒருவர் ஒவ்வொன்றுக்கும் நோயின் பெயரை எழுதிக் கொடுத்தார். மாடல் 60-ல் 22-ஐத்தான் சரியாகச் சொன்னது.

மூன்று நாள் ப்ரோகிராம் கோடில் பிழை தேடினோம். ப்ரோகிராம் சரியாகவே இருந்தது. அப்புறம்தான் இந்தத் தொகுப்பை வைத்து 2016-ல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தோம். அதில் வந்த 99.35 சதவீதத்தை எங்கள் ப்ரபோசலிலேயே எழுதியிருந்தோம். வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது 31 சதவீதத்துக்கு இறங்கியதையும் அவர்கள் அதே கட்டுரையில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். 2022-ல் வந்த இன்னொரு ஆய்வு எங்களை உலுக்கியே விட்டது. இலையை விட்டுவிட்டு, படத்தின் பின்புலத்திலிருந்து வெறும் 8 பிக்சல்களை மட்டும் கொடுத்தும் 49 சதவீதம் சரியாக வந்திருக்கிறது. 38 வகைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொன்னால் 3 சதவீதம்கூடத் தேறாது.

காரணம் படம் எடுத்த விதத்தில் இருந்தது. பறித்த இலையை வெற்றுத் தாளில் வைத்து எடுத்த படங்கள் அவை. தாளின் நிறம், விழும் வெளிச்சம் எல்லாம் வகைக்கு வகை கொஞ்சம் மாறுகின்றன. மாடல் அதையும் சேர்த்துப் படித்துக்கொள்கிறது. நாங்கள் செய்த தவறு ஒன்றும் உண்டு. ஒரே இலைக்குப் பல கோணங்களில் படம் இருப்பதைக் கவனிக்காமல், எல்லாவற்றையும் குலுக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்திருந்தோம். பயிற்சியில் பார்த்த இலையே சோதனைக்கும் வந்தது. கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த மாதிரி.

இதை ரிப்போர்ட்டில் எழுதுவதா என்று குழுவுக்குள் பெரிய வாக்குவாதம். மதிப்பெண் போய்விடும் என்ற பயம் எல்லோருக்குமே இருந்தது. மேடமிடம் சொன்னபோது, "முதல் அட்டவணையிலயே போடுங்க, அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் நாங்கள் 98-ஐயே காட்டிவிட்டுப் போயிருப்போம்.

அதற்கடுத்த ஏழு வாரக் கடைசிகளும் தோட்டத்தில்தான். காலை வெயில், உச்சி வெயில், மேகமூட்டம் என்று எல்லா நேரத்திலும் நான்கு போன்களில் எடுத்தோம். பின்னால் மண், சொட்டுநீர்க் குழாய், யாராவது ஒருவரின் கை எது தெரிந்தாலும் அப்படியே விட்டோம். ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண் கொடுத்து நோட்டில் குறித்தோம். இதைச் செய்யப் போகிறவர்கள் அந்த நோட்டை முதல் நாளே தொடங்கிவிடுங்கள். நாங்கள் மூன்றாவது வாரம்தான் தொடங்கினோம், அதற்கு முன் எடுத்த படங்கள் எந்தச் செடியுடையவை என்று தெரியாமல் ஒதுக்கிவிட வேண்டியதாயிற்று. ஆசிரியராலேயே படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் நீக்கினோம். கடைசியில் ஏறக்குறைய 1,100 படங்கள் மிஞ்சின. 10 வகைகளுக்கு அது போதாது என்பதால் ஆரோக்கியமான இலை, முன்பருவக் கருகல், பின்பருவக் கருகல், இலைச்சுருள் என்று நான்காகக் குறைத்தோம். இரண்டு தோட்டத்துப் படங்களில் பயிற்சி, மாடல் பார்த்தே இராத மூன்றாவது தோட்டத்தில் சோதனை. 81 சதவீதம் வந்தது. மாடலின் உறுதி 70 சதவீதத்துக்குக் கீழே போனால் செயலி பெயர் எதுவும் சொல்லாமல் "தெரியவில்லை, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்" என்று சொல்லும்படி வைத்தோம். தவறான மருந்து அடிப்பதைவிட அது எவ்வளவோ மேல் என்று இன்றும் நம்புகிறேன்.

வாய்மொழித் தேர்வான வைவாவில் வெளித்தேர்வாளர் வந்ததும் வராததுமாக, "81 தானா?" என்றார். முதல் அட்டவணையைக் காட்டினோம். பழைய மாடல் தொகுப்புப் படங்களில் 98, தோட்டத்துப் படங்களில் 37. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனவர், ஏதோ ஒரு செடியின் இலையோடு திரும்பி வந்து போனில் காட்டச் சொன்னார். செயலி அதை ஆரோக்கியமான தக்காளி இலை என்றது. தக்காளி அல்லாத எதையும் இந்த மாடல் பார்த்ததில்லை, நான்கில் ஒன்றைத்தான் அதற்குச் சொல்லத் தெரியும், குறைபாடுகள் பகுதியில் எழுதியிருக்கிறோம் என்றோம். பக்கத்தைப் புரட்டி அந்தப் பத்தியைப் படித்தார். அதன் பிறகு நாற்பது நிமிடம், நோட்டில் செடி எண் போட்டதைப் பற்றி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார்.

நண்பனின் அப்பா இப்போதும் செயலியைப் பயன்படுத்துகிறார். "தெரியவில்லை" என்று வரும் படங்களைச் செடி எண்ணோடு எங்களுக்கு அனுப்பிவிடுவார். இதுவரை 46 சேர்ந்திருக்கின்றன. ஜூனியர் குழு ஒன்று அவற்றைக் கேட்டிருக்கிறது. நோட்டையும் சேர்த்தே கொடுத்திருக்கிறோம்.