டெல்லூரியத்துக்கு அடுத்துதான் அயோடின்

நேற்று பத்தாம் வகுப்பில் ஒரு பெண், சுவரிலிருந்த தனிம அட்டவணையில் விரல் வைத்துக் கேட்டாள்: "டெல்லூரியம் 127.6, அயோடின் 126.9. கனமானது ஏன் சார் முன்னாடி நிக்குது?" எனக்குச் சிலிர்த்துவிட்டது. 1869-இல் இந்த அட்டவணையை உருவாக்கிய மெண்டலீவும் இதே இடத்தில்தான் யோசித்து நின்றார். எடைப்படி அடுக்கிக்கொண்டு வந்தவர், இங்கே குணத்தை நம்பினார். அயோடின் அப்படியே குளோரின், புரோமின் வீட்டுப் பிள்ளை. வேறு வீட்டில் எப்படி விடுவது? டெல்லூரியத்தின் எடையைத்தான் தப்பாக அளந்துவிட்டார்கள் என்று நினைத்தார். அளவில் பிழையில்லை. வரிசையைத் தீர்மானிப்பது அணுக்கருவின் மின்னூட்டம் என்று 1913-இல் மோஸ்லே என்ற இயற்பியலாளர் எக்ஸ் கதிர்களை வைத்துக் காட்டினார்: டெல்லூரியத்துக்கு 52, அயோடினுக்கு 53. இரண்டே வருடத்தில் கலிப்போலி போர்க்களத்தில் இறந்தார். வயது 27. வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்தப் பெண்ணின் விரல் மட்டும் ஆர்கான், பொட்டாசியம் பக்கம் நகர்ந்திருந்தது. அங்கேயும் கனமானதுதான் முன்னாடி நிற்கிறது.