பவநாசினி ஓரமாக ஜ்வாலா நரசிம்மர் வரை

மேல் அகோபிலத்தில் குகைக்குள் எழுந்தருளியிருக்கும் நரசிம்மப் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால், பவநாசினி ஓடையின் சத்தம் காதில் விழத் தொடங்கும். அங்கிருந்து ஜ்வாலா நரசிம்மர் சந்நிதி ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். கேட்பதற்குச் சின்னத் தூரம்தான். ஆனால் நல்லமலைக் காட்டில், இருபுறமும் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவர்களுக்கு நடுவே, ஓடைப் படுகையில் உருண்டு கிடக்கும் கற்களின் மேல்தான் அந்த நான்கு கிலோமீட்டரும். மூங்கில் கழி ஒன்று கட்டாயம் வேண்டும். முடியாதவர்களுக்கு டோலி உண்டு.

ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்தில் இருக்கும் இந்த திவ்யதேசத்தை, அதாவது ஆழ்வார் பாடல் பெற்ற தலத்தை, திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரங்களால் மங்களாசாசனம் செய்திருக்கிறார். அவற்றில் சோலையும் பொய்கையும் வயலும் கிடையாது. காய்ந்த மரம், உடைந்த குன்று, தீப்பற்றிய மூங்கில், வேடர்களின் கூச்சல், சுழலும் கழுகு இவைதான். ‘தெய்வமல்லால் செல்லவொண்ணாச் சிங்கவேள்குன்றமே’ என்கிறார். அகோபிலத்தைத்தான் சிங்கவேள்குன்றம் என்று பாடுகிறார். இவ்வளவு கஷ்டமான இடத்தை இப்படிக் கொண்டாடுவானேன்? பெரியவர்கள் இதற்குச் சொல்லும் நயம் அடியேனுக்கு மிகவும் பிடித்தது. பகைவர் எவரும் எளிதில் கிட்ட முடியாத இடத்தில் பெருமாள் இருக்கிறார், அவருக்கு ஒரு குறையும் வராது என்று ஆழ்வாருக்குப் பூரிப்பாம். இரணியன் மார்பைப் பிளந்த சிங்கத்துக்கே காவல் தேடுகிற பரிவு! இதை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால், காலில் இடறும் ஒவ்வொரு கல்லும் அவருக்குக் காவல் நிற்பதாகத் தோன்றும். பாதையைத் திட்டவே வாய் வராது.

நாங்கள் போனது தை மாதம். ஓடையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான், ஆனாலும் பாசி வழுக்கியது. வழிகாட்டியாக வந்த பெரியவர் பாறைக்குப் பாறை திரும்பி நின்று, “மெல்லகா சுவாமி, மெல்லகா” என்று, மெதுவாக வரும்படி தெலுங்கில் சொல்லிக் கை கொடுத்தார். முதலில் வருவது வராக நரசிம்மர். குரோட நரசிம்மர் என்றும் சொல்வார்கள். ஓடைக்கரைப் பாறையோடு ஒட்டிய சிறிய சந்நிதி. அதைத் தாண்டினால் பள்ளத்தாக்கு இன்னும் நெருங்கி வரும். கற்களின் மேல் ஏறி இறங்கிய பிறகு படிகள், படிகளுக்குப் பிறகு மறுபடியும் கற்கள். பேச்சு தானாகவே குறைந்துவிடும். மாமிகள் சிலர் மட்டும் மூச்சிரைக்க நாமம் சொல்லிக்கொண்டே ஏறினார்கள்.

கடைசிப் பகுதியை எப்படிச் சொல்வது? மலைச்சுவரின் இடுப்பில் ஒடுங்கிய பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கம்பித் தடுப்பு, அதற்கு அப்பால் அதலபாதாளம். தலைக்கு மேலே பாறை குடையாகக் கவிந்திருக்க, அதன் விளிம்பிலிருந்து பவநாசினி கொட்டுகிறாள். மழைக்காலத்தில் அருவிதான். எங்களுக்குக் கிடைத்தது காற்றில் சிதறிய தூறல். அந்தத் திரையைக் கடந்துதான் ஜ்வாலா நரசிம்மரைச் சேவிக்க வேண்டும். எட்டுத் திருக்கரங்கள், மடியில் இரணியன். சீற்றம் கொழுந்துவிட்ட இடம் இது என்கிறது தலபுராணம். ஆனால் நனைந்த தலையோடு, நடுங்கும் கால்களோடு அங்கே நிற்கும்போது பயம் எள்ளளவும் இல்லை. ஒரு குழந்தை சொன்ன சொல்லைப் பொய்யாக்கக் கூடாதென்று வந்த கோபம் அல்லவா! அழுகைதான் வந்தது. அருகில் ரக்த குண்டம். இரணிய வதம் முடிந்து பெருமாள் கைகழுவிய இடம் என்பார்கள். அந்தத் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டோம்.

தூண் பிளந்த இடமாக வணங்கப்படும் உக்ர ஸ்தம்பம் இன்னும் மேலே. படியில்லாத செங்குத்து ஏற்றம். எங்கள் கோஷ்டியில் இளைஞர்கள் மட்டும் போனார்கள். மற்றவர்கள் கீழேயிருந்து அந்தப் பிளவைப் பார்த்துக் கைகூப்பினோம்.

இறங்கும் வழியில் மாலோலன் எனப்படும் நரசிம்மரின் சந்நிதி. இங்கே கோபமெல்லாம் தணிந்து தாயாரோடு எழுந்தருளியிருக்கிறார். இவருடைய உற்சவமூர்த்திதான் அகோபில மடத்துத் தலைவர்களான ஜீயர்களோடு ஊர் ஊராக எழுந்தருள்பவர். மடத்தின் மரபுப்படி 1398ஆம் ஆண்டு ஆதிவண் சடகோப ஜீயர் காலத்தில் தொடங்கிய சஞ்சாரம். முழங்கால் ஒத்துழைக்காத எத்தனையோ பேர் மலையேறாமலேயே மாலோலனைத் தங்கள் ஊரில் சேவித்திருக்கிறார்கள்.

தை மாதத்தில் போனால் இன்னொரு பாக்கியமும் உண்டு. சங்கராந்தி முடிந்ததும் பாருவேட்டை உற்சவம் தொடங்கிவிடும். செஞ்சு என்னும் மலைவாழ் குலத்துப் பெண்ணான செஞ்சுலட்சுமியை மணந்தவர் அல்லவா நரசிம்மர்? தம் கல்யாணத்துக்கு அழைக்க, ஏறக்குறைய 40 நாள் பல்லக்கில் சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் தாமே போகிறார். சென்று காண்பதற்கு அரியவர் என்று ஆழ்வார் பாடிய அதே பெருமாள், அந்த நாட்களில் குடிசை வாசல்களில் தேங்காய் வாங்கிக்கொண்டிருப்பார்.